எழுவான்கரைக்கு பஸ், படுவான்கரைக்குப் பாதை: மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எதில் ஏறுவது?

மட்டக்களப்புக்கு வர நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "மூன்று நாளைக்கு ஒரு வான் பிடித்தால் எவ்வளவு வரும்?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நீங்கள் பார்க்க விரும்பும் இடம் வாவிக்கு எந்தப் பக்கம்?

இந்தக் கரையின் போக்குவரத்து முழுவதையும் தீர்மானிப்பது தண்ணீர். கிழக்கே கடல். மேற்கே சுமார் 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் மட்டக்களப்பு வாவி. இரண்டுக்கும் நடுவில் ஒரு நாடா போல ஓடும் நிலம்தான் எழுவான்கரை. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று ஊருக்கு ஊர் இடைவெளி தெரியாமல் சனம் நெருங்கி வாழ்வது இங்கேதான். வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரை. வயல், குளம், பழைய கோயில்கள், நீண்ட இடைவெளிகள். எழுவான்கரையில் வடக்கு தெற்காகப் போவது சுலபம், கை காட்டினால் பஸ் நிற்கும். கிழக்கிலிருந்து மேற்கே போவதென்றால் பாலம் எங்கே, பாதை எனப்படும் மிதவைப் படகு எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். வரைபடத்தில் மூன்று கிலோமீற்றராகத் தெரியும் இடத்துக்கு முப்பது கிலோமீற்றர் சுற்ற வேண்டி வருவது இதனால்தான்.

ஆகவே மூன்று நாளுக்கும் ஒரே வாகனம் என்பது பெரும்பாலும் காசை வீணாக்கும். நெடுஞ்சாலைக்கு பஸ், நகருக்குள் நடையும் சைக்கிளும், படுவான்கரைக்கு ஆட்டோ அல்லது மோட்டார் சைக்கிள், காட்டுக்கு ஜீப் என்று மாற்றி மாற்றி ஏறுவதுதான் இந்த மண்ணுக்குப் பொருந்தும். குழந்தைகளும் முதியவர்களும் சேர்ந்து ஆறு ஏழு பேராக வருபவர்களுக்கு மட்டும் வான் சரி.

வந்து சேருவது

கொழும்பு கோட்டையிலிருந்து மாகோ, கல்ஓயா, பொலன்னறுவை வழியாக வரும் ரயில்பாதை மட்டக்களப்போடு முடிகிறது. கல்முனைக்கோ அக்கரைப்பற்றுக்கோ பொத்துவிலுக்கோ தண்டவாளம் இல்லை. பொத்துவிலுக்குப் பக்கத்திலுள்ள அலைச்சறுக்குக் கடற்கரையான அறுகம்பைக்குப் போகிறவர்கள் சிலர் "கிழக்குக்கு ரயில் இருக்கிறதே" என்று மட்டக்களப்புக்கு டிக்கெட் போட்டுவிட்டு, இன்னும் 110 கிலோமீற்றர் கிடப்பதை இறங்கிய பிறகுதான் அறிகிறார்கள். அறுகம்பை மட்டும்தான் நோக்கமென்றால் மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாக வரும் ஏ4 வீதியே நேரானது. எல்ல பக்கமிருந்து வருபவர்களுக்கும் அதுதான். வெல்லவாய, மொனராகலையில் பஸ் மாறலாம்.

ரயிலில் ஒன்பது மணித்தியாலம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். உதயதேவி பகலில் வருவது. வெலிக்கந்தை, புணாணை காட்டையும், மாணம்பிட்டியில் மகாவலியையும் பார்த்துக்கொண்டு வரலாம். இரவு ரயிலில் ஒரு நாள் விடுதிக் காசு மிச்சம், ஆனால் விடிவதற்கு முன்பே இறக்கிவிடும். அந்த நேரத்துக்கு அறை திறக்குமா என்று விடுதியில் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். ஆசனப் பதிவு பயணத்துக்கு 30 நாள் முன்பிருந்து திறக்கிறது. பதியும்போது அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு இலக்கம் கொடுக்க வேண்டும், ரயிலில் அதே ஆவணம் கையில் இருக்க வேண்டும். போயாவோடு (பௌர்ணமி விடுமுறை) சேர்ந்து நீளும் வார இறுதிகளில் பதிவு ஆசனங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். பதிவில்லாத டிக்கெட்டுகளைப் புறப்படும் நாளில் நிலையத்திலேயே எடுக்கலாம். உட்கார இடம் வேண்டுமானால் கோட்டையில் வண்டி மேடைக்கு வருவதற்கு அரை மணி முன்னாலாவது நிற்க வேண்டும்.

தாமதத்துக்கு ஒரு காரணம் யானை. கல்ஓயாவுக்கும் பொலன்னறுவைக்கும் இடையே தண்டவாளம் யானைகள் கடக்கும் காட்டை வெட்டிக்கொண்டு போகிறது. 2025 பெப்ரவரி 20 அதிகாலை மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போன மீனகயா ரயில் ஹபரணைக்கு அருகே யானைக்கூட்டத்தில் மோதித் தடம் புரண்டது. ஆறு யானைகள் செத்தன. அதற்கு நாலு மாதம் முன்னால் மின்னேரியாப் பக்கம் எரிபொருள் ஏற்றி வந்த ரயிலும் இப்படியே மோதியது. இரவில் அந்தப் பகுதியில் ரயில் மெதுவாகப் போனால் எரிச்சல்பட வேண்டாம், போகத்தான் வேண்டும். வந்து இறங்கியதும் ஒரு மணித்தியாலத்தில் பிடிக்க வேண்டிய அடுத்த பஸ், அடுத்த படகு என்று எதையும் பொருத்தி வைக்காதீர்கள். ரயில் ஓடுகிறதா என்று அறிய 1971 இலக்கத்துக்கு அழைக்கலாம். மாரி காலத்தில் புறப்படும் முன் இந்த அழைப்பு கட்டாயம்.

பாசிக்குடாவுக்குப் போகிறவர்கள் மட்டக்களப்பு வரை வந்து திரும்பி 35 கிலோமீற்றர் போக வேண்டியதில்லை. வாழைச்சேனையில் இறங்குங்கள். கல்குடா நிலையம் கடற்கரைக்கு இன்னும் கிட்டத்தான், ஆனால் பயணப்பொதிகளோடு இறங்கினால் ஆட்டோ நிற்குமா என்பது நிச்சயமில்லை. வாழைச்சேனை சந்தை ஊர், எப்போதும் ஆட்டோ கிடைக்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வருபவர்களுக்கு நேரடி பஸ்கள் உண்டு. திருகோணமலையிலிருந்து ஏ15 கரையோர வீதி. ஒரு காலத்தில் வெருகல், கங்கை என்று ஒவ்வொரு துறையிலும் இறங்கிப் பாதையில் ஏறிக் கடக்க வேண்டியிருந்தது. இப்போது எல்லாம் பாலம், சுமார் 135 கிலோமீற்றர் தடையில்லாமல் ஓடலாம். கண்டியிலிருந்து மகியங்கனை வழியாக வரும் பஸ்ஸில் தலைசுற்றுபவர்கள் முன் ஆசனத்தில் உட்காருங்கள். பதினெட்டு வளைவு இறங்கும் வரைதான் சிரமம், பிறகு சமதரை.

நகருக்குள்

மட்டக்களப்பு ரயில் நிலையத்திலிருந்து புளியந்தீவு பஸ் நிலையத்துக்கு இரண்டு கிலோமீற்றருக்கும் குறைவு. பை சிறியதென்றால் நடக்கலாம். புளியந்தீவுக்குள் ஆட்டோ எடுப்பது தேவையற்றது. தீவே சிறியது, ஒல்லாந்தர் கோட்டை, புனித மரியாள் பேராலயம், 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி, காந்தி பூங்கா எல்லாம் ஒரு காலை நடைக்குள் அடங்கும்.

கல்லடிப் பாலத்துக்கு அப்பால் போவதற்கு சைக்கிள். இந்த ஊரில் ஏற்றமே இல்லை. கியர் இல்லாத சாதாரண சைக்கிளே போதும். 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தில் நின்று வாவியைப் பார்க்கலாம். வாகனங்கள் போக, பக்கத்திலேயே 2013இல் திறந்த புதிய பாலம் இருக்கிறது. கல்லடிக் கடற்கரை, நாவலடி ஒரு பக்கம்; பாலமீன்மடு வெளிச்சவீடு, முகத்துவாரம் இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே காலையில் முடிக்க ஆசைப்பட வேண்டாம். இடையில் முகத்துவாரம் இருப்பதால் திரும்ப நகருக்கு வந்துதான் மற்றப் பக்கம் போக முடியும்.

சைக்கிளுக்கு எதிரி வெயிலும் கச்சானும். மே முதல் ஆகஸ்ட் வரை மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடுப்பு வாசலில் நிற்பது போல இருக்கும். காலை ஆறு மணிக்கு ஏறி ஒன்பதுக்குள் நிழலுக்கு வந்துவிடுங்கள், அல்லது மாலை நாலரைக்குப் பிறகு புறப்படுங்கள். வாடகைக்கு எடுக்கும்போது இரண்டு பிரேக்கையும் அமத்திப் பாருங்கள். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து இறுகிப்போவது இங்கே வழமை. முன் பிரேக்கைப் பிடித்து விட்டாலும் தளராமல் அப்படியே இறுகி நிற்கும். ஆசனத்தை உங்கள் உயரத்துக்கு அப்போதே மாற்றச் சொல்லுங்கள்.

வாவிக்கு அடியிலிருந்து வரும் ஓசையான பாடும் மீனைக் கேட்பதற்கு ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரையான நிலாக் காலம் பொருத்தம். படகுக்காரரிடம் முதலில் பேச வேண்டியது ஒன்று: கல்லடிப் பாலத்தடியில் போய் இயந்திரத்தை நிறுத்தி, குறைந்தது இருபது நிமிடம் சும்மா நிற்க வேண்டும். ஓடிக்கொண்டே இருக்கும் படகில் உட்கார்ந்தால் இயந்திரச் சத்தம் மட்டும்தான் கேட்கும். துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மறுநுனியில் காதை வைத்துக் கேட்பதுதான் பழைய முறை. உயிர்காப்பு அங்கி ஆளுக்கு ஒன்று இல்லாத படகில் இரவில் ஏற வேண்டாம்.

ஏ4 சாலையில் பஸ்

மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலுக்கு நேரடி பஸ் குறைவு. அதற்காகக் காத்து நிற்பதைவிட மூன்று துண்டாகப் போவது விரைவு. முதல் துண்டு கல்முனை, 40 கிலோமீற்றர் அளவு, ஒன்றேகால் மணித்தியாலத்துக்குக் குறையாது. அங்கிருந்து அக்கரைப்பற்று 25 கிலோமீற்றர். பிறகு தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி தாண்டிப் பொத்துவில் 45 கிலோமீற்றர் அளவு. பொத்துவிலில் இறங்கி அறுகம்பைக்கு ஆட்டோ பத்து நிமிடம். மொத்தம் நாலு மணித்தியாலம் வையுங்கள். தூரத்தைப் பார்த்து இரண்டு மணித்தியாலம் என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். கல்முனை வரை சாலை முழுவதும் ஊர்தான், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் பஸ் நூறு மீற்றருக்கு ஒரு தடவை நிற்கும்.

காலையில் தெற்கே போகும்போது வலப்பக்க ஜன்னல். வெயில் இடப்பக்கம் விழும், வலப்பக்கம் வாவி தெரியும். மாலையில் போனால் இடப்பக்கம் உட்காருங்கள். ஓந்தாச்சிமடம், கல்லாறு கடக்கும்போது இரண்டு பக்கமும் தண்ணீர், அங்கே எந்தப் பக்கம் இருந்தாலும் நட்டமில்லை.

இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ் சிவப்பு, ஊருக்குள் வாய்மொழியில் சீரீபி. தனியார் பஸ் வேகம் அதிகம், இடையில் நிறுத்தி ஆள் சேர்ப்பதும் அதிகம். பெரிய பையை முதலில் உள்ளே ஏற்றிவிட்டுப் பிறகு நீங்கள் ஏறுங்கள். பின் கதவடியில் வைத்துவிட்டு முன்னால் போய் உட்கார வேண்டாம். நூறு ரூபாய், ஐம்பது ரூபாய்த் தாள்களாகக் காசு வைத்திருங்கள். ஐயாயிரம் ரூபாயை நீட்டினால் "மிச்சம் பிறகு தாறன்" என்று நடத்துனர் டிக்கெட்டின் பின்னால் எழுதித் தருவார். இறங்கும் அவசரத்தில் மறந்து போவது நீங்கள்தான். இறங்க வேண்டிய இடம் வருவதற்கு முன்பே எழுந்து "இறக்கம்" என்று சத்தமாகச் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை பகலைக் கவனியுங்கள். ஏறாவூர், காத்தான்குடி, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எல்லாம் ஜும்ஆவுக்காக நண்பகலில் அடங்கிப் போகும் ஊர்கள். பன்னிரண்டு மணியிலிருந்து ஒன்றரை வரை கடை பூட்டு, ஆட்டோவும் குறைவு. அந்த நேரத்தில் மாறி ஏறும் இடத்தில் மாட்டிக்கொள்ளாமல் காலை எட்டுக்குள் மட்டக்களப்பை விட்டுவிட்டால் தொழுகைக்கு முன்னே அக்கரைப்பற்றைத் தாண்டிவிடலாம். நோன்பு மாதத்தில் பகல் சாப்பாட்டைக் கையில் கொண்டுவருவது நல்லது. நோன்பு திறக்கும் நேரத்தில் பஸ்ஸே ஓரம்கட்டி நிற்கும், பக்கத்தில் இருப்பவர் உங்களுக்கும் ஒரு பேரீச்சம்பழம் நீட்டுவார்.

இரவு பஸ் என்று ஒன்றும் கரையோரத்தில் நம்ப வேண்டாம். கொழும்பு போகும் தூரப் பஸ்கள் இரவில் புறப்படும், ஊருக்கு ஊர் ஓடும் பஸ்கள் ஏழு மணியோடு மெலிந்துவிடும். அக்கரைப்பற்றில் இருட்டிவிட்டால் அங்கேயே தங்குவது நல்லது.

வாவியைக் கடப்பது

படுவான்கரைக்கு நகரிலிருந்து கிட்டிய வழி வலையிறவுப் பாலம். வவுணதீவு, ஆயித்தியமலை, உன்னிச்சைக் குளம் அந்தப் பக்கம். தெற்கே வந்தால் மண்முனைப் பாலம். 2014இல் இது திறக்கும் வரை கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்குப் போனவர்கள் பாதையில்தான் கடந்தார்கள். இப்போது ஆட்டோ நேரே கோயில் வாசலுக்குப் போகும். இன்னும் தெற்கே களுவாஞ்சிக்குடிக்குப் பக்கத்தில் பட்டிருப்புப் பாலம், போரதீவு, வெல்லாவெளிக்கு அது வழி. இந்த மூன்றையும் மனத்தில் பதித்துக்கொண்டால் படுவான்கரை திறந்துவிடும்.

பாலங்களுக்கு இடையே இருப்பவைதான் பாதைகள். வெளியூர்க்காரர்களுக்கு இந்தச் சொல் குழப்பும்: "பாதையில் போங்கள்" என்றால் ரோட்டில் போகச் சொல்வதாக நினைப்பார்கள். மட்டக்களப்பில் பாதை என்றால் மிதவைகளின் மேல் தளம் போட்டு, இயந்திரத்தால் தள்ளிக்கொண்டு போகும் படகு. குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கு ஒன்று, குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு ஒன்று. வடக்கே சந்திவெளியிலிருந்து திகிலிவெட்டை, கிண்ணையடியிலிருந்து முறுக்கன்தீவு. பள்ளிப் பிள்ளைகள், ஆசிரியர்கள், பால் கொண்டு போகிறவர்கள், மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் ஒன்றாக ஏறும். இதைச் சுற்றுலாவாக எவரும் விற்பதில்லை. ஆனால் இந்த மாவட்டத்தை அறிய விரும்புகிறவர் ஒரு தடவையாவது இதில் ஏற வேண்டும் என்பேன். வாவியின் நடுவில் நின்று இரண்டு கரையையும் ஒருசேரப் பார்க்கும்போதுதான் எழுவான் (சூரியன் எழும் பக்கம்), படுவான் (சூரியன் படும் பக்கம்) என்ற பெயர்களின் பொருள் கண்ணுக்குத் தெரியும்.

ஏறுவதற்கு முன் கடைசிப் பாதை எத்தனை மணிக்கு என்று துறையிலேயே கேளுங்கள். இருட்டிய பிறகு திரும்பப் பாலத்தைச் சுற்றித்தான் வர வேண்டும். மண்டூரிலிருந்து என்றால் வெல்லாவெளி போய்ப் பட்டிருப்பால் வர வேண்டும். மோட்டார் சைக்கிளை ஏற்றும்போது இயந்திரத்தை நிறுத்தி, இறங்கித் தள்ளிக்கொண்டு ஏறுங்கள். பலகையும் துறைக் கல்லும் சந்திக்கும் இடம் பாசியும் ஈரமும். முன் பிரேக்கை அங்கே அமத்தினால் வழுக்கும். ஏறியதும் பக்க ஸ்ராண்ட் போட்டு, கியரில் விட்டு, கையால் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு பக்கம் ஆட்கள் கூடினால் மறுபக்கம் போங்கள். 2021 நவம்பரில் திருகோணமலை மாவட்டம் குறிஞ்சாக்கேணியில் இப்படி ஒரு பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டதை இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. கூட்டம் நிரம்பி வழிந்தால் அடுத்ததற்கு நில்லுங்கள். உங்களுக்கு அவசரமில்லை, பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குத்தான் அவசரம், அந்த இடத்தை அதற்கு விடுங்கள்.

ஆட்டோவும் ஸ்கூட்டரும்

கிழக்கில் ஆட்டோவுக்கு மீற்றர் போடுவது அரிது. ஏறும் முன் பேச வேண்டும். பேச வேண்டியது தொகை மட்டுமல்ல. போகவா, போய் வரவா? காத்து நிற்கும் நேரம் எவ்வளவு, அதற்கு மேல் ஒரு மணித்தியாலத்துக்கு என்ன? தொகை வண்டிக்கா, ஆளுக்கா? இந்த மூன்றையும் தெளிவாகச் சொல்லிவிட்டால் இறங்கும்போது வாய்த்தர்க்கம் வராது. "அண்ணன், கொக்கட்டிச்சோலைக்குப் போய், ஒரு மணித்தியாலம் நிண்டு, திரும்ப ரவுணுக்கு வரவேணும், நாலு பேர், மொத்தமா எவ்வளவு?" இப்படி ஒரே மூச்சில் கேளுங்கள். காத்தான்குடி, கல்முனைப் பக்கம் "காக்கா" (அண்ணன்) என்று கூப்பிட்டால் அவர் முகம் மலரும். தங்கும் வீட்டில் நியாயமான தொகை என்னவென்று முதலே கேட்டு வைத்தால், நீங்கள் பேசுவது பேரமாக இல்லாமல் உறுதியாக இருக்கும். திரும்பி வரும்போது வெறும் வண்டியாக வர வேண்டிய தூர இடத்துக்கு ஒருவழிக் காசு மட்டும் கேட்பது நியாயமில்லை, எண்ணெய் இரண்டு பக்கமும் எரிகிறது.

வாடகைச் செயலிகளைக் கையில் வைத்திருங்கள், ஆனால் பொத்துவிலுக்குத் தெற்கே அவற்றை மட்டும் நம்பி விடிகாலைப் பயணத்தைத் திட்டமிட வேண்டாம். முதல் நாள் மாலையே ஒரு சாரதியிடம் நேரம் சொல்லி, தொலைபேசி இலக்கம் வாங்கி வையுங்கள்.

ஆட்டோவிலும் ஸ்கூட்டரிலும் ஏறும் பெண்களுக்கு முக்கியமானது: சேலைத் தலைப்பு, சால்வை, துப்பட்டா எதுவாக இருந்தாலும் சுருட்டி மடியில் வையுங்கள். சில்லில் சுற்றினால் ஒரு நொடியில் கழுத்தை இறுக்கும்.

ஸ்கூட்டர் வாடகை அறுகம்பையிலும் பாசிக்குடாவிலும் சுலபமாகக் கிடைக்கும். அனுமதிப்பத்திரம் கேட்காமலே தருபவர்களும் இருக்கிறார்கள். தருகிறார்கள் என்பதால் ஓட்டலாம் என்று அர்த்தமல்ல. வெளிநாட்டு அனுமதிப்பத்திரம் மட்டும் இங்கே செல்லாது. சர்வதேச அனுமதிப்பத்திரத்தை இலங்கை ஓட்டோமொபைல் சங்கத்தில் உறுதிப்படுத்த வேண்டும், அல்லது இலங்கைத் தற்காலிக அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். உங்கள் அனுமதிப்பத்திரத்தில் மோட்டார் சைக்கிள் வகை இருக்கிறதா என்பதுதான் அடுத்தது. கார் மட்டும் ஓட்ட அனுமதி உள்ளவர் ஸ்கூட்டரில் விழுந்தால் காப்புறுதி கைவிரிக்கும். வைத்தியசாலைச் செலவும் எதிராளியின் சேதமும் உங்கள் தலையில்.

வண்டியை வாங்கும் முன் நாலு பக்கமும் கீறல்களை வீடியோ எடுங்கள், வண்டிக்காரர் முன்னாலேயே. ரயர் தேய்ந்து வழவழப்பாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதி அட்டையும் வண்டியோடு இருக்க வேண்டும், பொலிஸ் மறித்தால் முதலில் கேட்பது அதைத்தான். பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். பட்டி பூட்டுகிறதா என்று போட்டுப் பாருங்கள். கடவுச்சீட்டைப் பிணையாகக் கொடுக்காதீர்கள். காசாக ஒரு தொகை வைத்துவிட்டு, எழுத்தில் வாங்குங்கள். எண்ணெய்த் தாங்கி பெரும்பாலும் வற்றித்தான் கைக்கு வரும், முதல் வேலை எண்ணெய் அடிப்பது.

விழுவது எங்கே என்றால் மணலில். தார் வீதியின் ஓரத்தில் காற்று கொண்டுவந்து போட்ட மணல், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகள், பீனட் ஃபாம் கடற்கரைப் பக்கம் போகும் தடம். மணலைக் கண்டவுடன் பதறி முன் பிரேக்கைப் பிடிப்பார்கள். முன்சில்லு புதைந்து வண்டி மடங்கும். மணலுக்கு வரும் முன்பே வேகத்தைக் குறைத்து, கையை நேராக வைத்து, திரொட்டிலைச் சீராகப் பிடித்துக்கொண்டு போங்கள். தேவைப்பட்டால் பின் பிரேக்கை மட்டும் மெதுவாக. கால் முட்டும் ஆழமென்றால் இறங்கித் தள்ளுங்கள். நிறுத்தும்போது ஸ்ராண்டின் அடியில் ஒரு தட்டையான கல்லோ சிரட்டையோ வைத்தால் வண்டி சாயாது.

அறுவடைக் காலத்தில் இன்னொன்று. பெப்ரவரி, மார்ச்சிலும் ஆகஸ்ட், செப்டெம்பரிலும் வீதியின் பாதியில் நெல் காயப்போட்டிருப்பார்கள். அதன் மேல் ஏற்றினால் வழுக்கும். அது ஒருவருடைய ஆறு மாத உழைப்பும் கூட. இருட்டியபின் மாடுகள் தாரின் சூட்டுக்குப் படுத்திருக்கும், விளக்கில்லாத சைக்கிள்கள் வரும். இரவில் ஸ்கூட்டர் எடுக்காமல் இருப்பதே நல்லது.

அறுகம்பைக்குத் தெற்கே

அலைச்சறுக்குப் பருவம் ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை. பிரதான அலைமுனைக்கு நடந்தே போகலாம். விஸ்கி பொயின்ற், பொத்துவில் பொயின்ற் வடக்கே. பீனட் ஃபாம், எலிபன்ற் றொக் தெற்கே. கூரையில் சட்டம் பூட்டிய ஆட்டோக்கள் பலகையோடு ஏற்றிப் போகும். பலகையின் துடுப்புகளைக் கழற்றி, மெழுகுப் பக்கம் வெயில் படாதபடி கவிழ்த்து, இடையில் ஒரு துவாய் வைத்துக் கட்டுங்கள். பட்டியை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் காற்றில் அதிராது. கால்கயிறு தொங்கிச் சில்லுக்குள் போகாமல் சுற்றி முடியுங்கள்.

பாணமை வரை நல்ல வீதி. அதற்கு அப்பால் உகந்தை முருகன் கோயிலும் குமண தேசிய பூங்கா வாசலும், அறுகம்பையிலிருந்து சுமார் 30 கிலோமீற்றர். புறப்படும் முன் பொத்துவிலில் எண்ணெயும் காசும் பார்த்துக்கொள்ளுங்கள். பூங்காவுக்குள் ஆட்டோவும் மோட்டார் சைக்கிளும் விடமாட்டார்கள். நாலு சில்லும் இழுக்கும் ஜீப்தான். ஜீப்புக்குப் பேசும் தொகையில் நுழைவுச்சீட்டு அடங்குமா என்று கேட்காமல் ஏறுவதால்தான் வாசலில் முகம் சுருங்குகிறது. பெரும்பாலும் அடங்காது. ஆள் கட்டணம், வாகனக் கட்டணம், சேவைக் கட்டணம், வரி என்று சீட்டு தனியாக வளரும். வெளிநாட்டவருக்கு அது பல மடங்கு. ஒரு ஜீப்புக்கு ஆறு பேர் சேர்ந்தால் தாங்கலாம். வாசல் காலை ஆறுக்குத் திறக்கும், ஆகவே நாலே முக்காலுக்கு அறுகம்பையில் ஏறியிருக்க வேண்டும்.

ஆடிவேல் விழாக் காலத்தில் இந்த வீதி வேறு வீதி. கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார்கள் திருக்கோவில், பொத்துவில், பாணமை வழியாக உகந்தைக்கு வருவார்கள். காட்டுப்பாதை திறக்கும் நாட்களில் உகந்தையில் ஆயிரக்கணக்கில் சனம். அந்த நாட்களில் வாகனத்தை மெதுவாக ஓட்டுங்கள், ஹோர்ன் அடிக்காதீர்கள், தண்ணீர்ப் போத்தல் மிச்சம் இருந்தால் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பாணமை வீதியிலும், பொத்துவிலிலிருந்து மொனராகலைக்குப் போகும் லகுகலைப் பகுதியிலும் மாலை ஐந்தரைக்குப் பிறகு யானை வீதிக்கு வரும். ஸ்கூட்டரில் இருந்தால் ஐந்து மணிக்கு முன் திரும்பி வாருங்கள். யானையைக் கண்டால் நூறு மீற்றருக்கு அப்பாலேயே நின்று, இயந்திரத்தை நிறுத்தாமல், வந்த பக்கம் திருப்பி வையுங்கள். படம் எடுக்கக் கிட்டப் போவது உயிரோடு விளையாட்டு.

அம்பாறை நகரம் இந்தக் கரையோரத்தில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். காரைதீவிலிருந்து உள்ளே 25 கிலோமீற்றர் அளவு. கல்முனையிலிருந்து பஸ் உண்டு. சேனாநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கத்தில் படகுச் சவாரி செய்ய விரும்புபவர்கள் அம்பாறையில் இரவு தங்கி, விடிய இங்கினியாகலைக்குப் போவது பொருத்தம். அங்கே கல்ஓயா தேசிய பூங்காவைப் பார்ப்பது படகில்தான்; யானை தீவுக்குத் தீவு நீந்தும் காட்சிக்காகவே ஆட்கள் வருகிறார்கள். தொப்பி இல்லாமல் அந்தப் படகில் ஏறாதீர்கள், நிழல் கிடையாது.

மாரியில் வருபவர்களுக்கு

நவம்பரிலிருந்து ஜனவரி வரை வாடைக்காற்றும் மழையும். ஊர் பச்சையாக அழகாக இருக்கும், விடுதியும் மலிவு. ஆனால் பாதைகள் நிற்கும், தாழ்ந்த வீதிகள் மூழ்கும். காரைதீவு அம்பாறை வீதியில் மாவடிப்பள்ளியடியில் வயல்வெளித் தண்ணீர் வீதியைக் குறுக்கே அறுத்துக்கொண்டு பாயும். 2024 நவம்பர் 26 அன்று அங்கேதான் மதரஸா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றது. உழவு இயந்திரத்தையே தள்ளிய தண்ணீருக்கு உங்கள் வான் எம்மாத்திரம். முழங்கால் அளவு ஓடும் நீரில் வாகனத்தை இறக்க வேண்டாம், சாரதி "பயமில்லை" என்றாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். வீதி திறந்திருக்கிறதா என்று அனர்த்த முகாமைத்துவத்தின் 117இல் கேட்கலாம். அவசர நோயாளர் வண்டிக்கு 1990, கட்டணமில்லை. சுற்றுலாப் பயணிகளுக்கான உதவி 1912.

மாரியில் வர வேண்டியிருந்தால் மட்டக்களப்பு நகரிலேயே தங்கி, காலையில் வானத்தைப் பார்த்துவிட்டு அன்றன்றைய பயணத்தைத் தீர்மானியுங்கள். திரும்பும் ரயிலுக்கு முந்திய நாள் இரவு படுவான்கரையில் தங்க வேண்டாம். வாவிக்கு இந்தப் பக்கம் வந்துவிடுங்கள்.